புளூடூத்தை அணைத்து வைத்தால் பேட்டரி மிச்சமாகுமா?

செங்காங்கிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்கு 74 வயது. தவறி விழுந்தால் எங்களுக்குத் தகவல் வரட்டும் என்று ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தோம். ஒரு தடவை சார்ஜ் போட்டால் 10 நாள் நிற்கும் என்றார்கள், 4 நாள்தான் நிற்கிறது. கைப்பேசியின் பேட்டரியும் போய்விடும் என்று பயந்து அப்பா பகலெல்லாம் புளூடூத்தை அணைத்து வைக்கிறார். ராத்திரி மட்டும் போட்டு அன்றைய நடைக்கணக்கை ஏற்றிக்கொள்கிறார். இது சரியா? பேட்டரி கூடுதலாக நிற்க என்ன செய்யலாம்?"

சரியில்லை. பேட்டரியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிம் வசதி இல்லாத கைக்கடிகாரம் பொதுவாகத் தானாக யாரையும் அழைக்க முடியாது. அப்பா விழுந்தால் அது புளூடூத் வழியாகக் கைப்பேசிக்குச் சொல்லும், கைப்பேசிதான் உங்களுக்கு அழைக்கும். பகலில் புளூடூத் அணைந்திருந்தால், எதற்காக அதை வாங்கினீர்களோ அந்த வேலை பகல் முழுக்க நடக்கவில்லை என்று அர்த்தம். இன்றைக்கே போடச் சொல்லுங்கள்.

இத்தனைக்கும் அவர் அணைத்து வைப்பதால் பேட்டரியும் மிச்சமாவதில்லை. பெரும்பாலும் கடிகாரத்துக்கு அதனால் செலவுதான் கூடுகிறது. நான் 11 வருடமாக இந்த மாதிரிச் சின்னக் கருவிகளுக்குள் ஓடும் மென்பொருளை எழுதுகிறேன். தேக்காவில் காய்கறி வாங்கப் போனாலும், கையில் இருக்கும் பட்டையைக் காட்டி யாராவது இதே கேள்வியைக் கேட்டுவிடுகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கம்பியில்லாமல் பேசுகிறதே, அந்தப் பேச்சுக்குத்தான் பேட்டரி கரைகிறது என்று எல்லாரும் நினைக்கிறோம். உண்மையில் பேச்சு ஒரு மில்லிவினாடிகூட ஆகாது. விழித்துக் காத்திருப்பதுதான் செலவு. ஓர் உதாரணம் தருகிறேன். நார்டிக் நிறுவனத்தின் என்ஆர்எஃப்52832 என்ற சில்லு இந்த மாதிரிக் கருவிகளில் நிறையப் பேர் போட்டது. அது சாதாரண வலுவில் ரேடியோ அலையை அனுப்பும்போது 5.3 மில்லிஆம்பியர் இழுக்கும். சும்மா காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும்போது 5.4. கேட்பதற்கு அனுப்புவதைவிட ஒரு துளி அதிகம்! தூங்கும்போது சுமார் 2 மைக்ரோஆம்பியர்தான். விழிப்புக்கும் தூக்கத்துக்கும் இடையே இரண்டாயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். ஆகவே இந்தத் துறையில் பேட்டரியை மிச்சம் பிடிப்பது என்றால் அதிக நேரம் தூங்க வைப்பது என்றுதான் பொருள்.

புளூடூத் லோ எனர்ஜி இதற்காகவே உருவானது. நோக்கியா 2006இல் வைப்ரீ என்ற பெயரில் அறிவித்த நுட்பம் அது. 2010இல் புளூடூத் 4.0இல் சேர்ந்தது. பழைய புளூடூத் பாட்டுக் கேட்கவும் அழைப்பு பேசவும் பிறந்தது, ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். புதியது நேரம் குறித்துக்கொண்டு சந்திக்கிற வகை. கடிகாரமும் கைப்பேசியும் "இத்தனை மில்லிவினாடிக்கு ஒரு தடவை விழிப்போம், சொல்ல ஏதாவது இருந்தால் சொல்வோம், இல்லையென்றால் 'இருக்கிறேன்' என்று மட்டும் சொல்லிவிட்டுத் தூங்குவோம்" என்று உடன்பாடு செய்துகொள்கின்றன. அந்த இடைவெளி 7.5 மில்லிவினாடியிலிருந்து 4 வினாடி வரை இருக்கலாம். முடிவெடுப்பது கைப்பேசி. கடிகாரம் கேட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

இந்த ஒரு எண் பேட்டரியை எப்படி ஆட்டிவைக்கிறது என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு தடவை விழித்தெழுந்து, கேட்டு, பதில் சொல்லிப் படுப்பதற்குத் தோராயமாக 5 மில்லிஆம்பியர், ஒரு மில்லிவினாடி என்று வையுங்கள். சிஆர்2032 என்ற வட்டப் பேட்டரியில் சுமார் 225 மில்லிஆம்பியர்-மணி இருக்கிறது. 7.5 மில்லிவினாடிக்கு ஒரு தடவை விழித்தால் அந்தப் பேட்டரி இரண்டு வாரத்தில் தீரும். 30 மில்லிவினாடி என்றால் எட்டு வாரம். ஒரு வினாடிக்கு ஒரு தடவை என்றால், தூங்கும்போது ஆகும் 2 மைக்ரோஆம்பியரையும் சேர்த்து, கணக்குப்படி மூன்றரை வருடத்துக்கு மேல் வரும். இத்தனைக்கும் இதில் ஒரு தகவலும் போகவில்லை! 'இருக்கிறேன், இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டது மட்டும்தான்.

அப்படியானால் எப்போதும் ஒரு வினாடி என்று வைத்துவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். வைத்தால் அப்பா விழுந்த செய்தியும் ஒரு வினாடி தாமதமாகப் புறப்படும். கைப்பேசியிலிருந்து ஏதாவது பெரிதாக இறக்க வேண்டியிருந்தால் மணிக்கணக்கில் ஆகும். இங்கேதான் அந்த வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த ஓர் ஏற்பாடு வருகிறது. இடைவெளியை 30 மில்லிவினாடி என்றே வைத்துக்கொண்டு, "சொல்ல ஒன்றுமில்லையென்றால் 30 சந்திப்பு வரை நீ வராமல் இருக்கலாம்" என்று கடிகாரத்துக்கு மட்டும் விடுப்பு கொடுக்கலாம். சும்மா இருக்கும் நேரத்தில் கடிகாரம் ஏறக்குறைய ஒரு வினாடிக்கு ஒரு தடவைதான் விழிக்கும். ஆனால் அப்பா விழுந்துவிட்டார் என்று தெரிந்த அடுத்த கணம், விடுப்பை விட்டுவிட்டு, 30 மில்லிவினாடிக்குள் வரும் அடுத்த சந்திப்பிலேயே சொல்லிவிடும். அவசரச் செய்தி கடிகாரத்திலிருந்து கைப்பேசிக்குப் போவதுதான் வழக்கம் என்பதால், காத்திருக்க வேண்டிய சுமை எதிர்ப்பக்கத்துக்கு மட்டும் விழுகிறது. கைப்பேசியில் வரும் அழைப்பு கடிகாரத்தில் ஒரு வினாடி தாமதமாக அதிர்ந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

நேரம் குறித்துச் சந்திப்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இரண்டு கருவிகளின் கடிகாரமும் ஒன்றாக ஓட வேண்டும். கைக்கடிகாரம் சரியில்லாத மனிதர் பேருந்தைத் தவறவிடக் கூடாது என்று முன்கூட்டியே நிறுத்தத்துக்குப் போய் நிற்பார் அல்லவா? இதுவும் அப்படித்தான். நேரம் கணக்கிட நல்ல குவார்ட்ஸ் படிகம் வைத்த கருவி பத்து லட்சத்தில் 20 பங்குதான் பிசகும், கடைசி நேரத்தில் விழித்தால் போதும். படிகத்துக்குச் செலவழிக்காமல் சில்லுக்குள் இருக்கும் அலையியற்றியை (ஆசிலேட்டர்) நம்பும் கருவி பத்து லட்சத்தில் 500 பங்கு வரை பிசகலாம். ஒவ்வொரு சந்திப்புக்கும் முன்னதாகவே விழித்து, ரேடியோவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். சில காசு பெறும் பொருள் அது. மலிவுப் பட்டைகள் பேட்டரியில் சறுக்க இது ஒரு காரணம், பெட்டியில் இதை யாரும் அச்சடிப்பதில்லை.

இப்போது உங்கள் அப்பாவின் பழக்கத்துக்கு வருகிறேன். பகலில் புளூடூத்தை அணைத்ததும் இணைப்பு அறுகிறது. கடிகாரத்துக்கு அது தெரியாமல் இல்லை. "நான் இங்கே இருக்கிறேன், யாராவது இருக்கிறீர்களா?" என்று கூவத் தொடங்கும். கூவுவதற்கென்று மூன்று தனி அலைவரிசைகள் உண்டு, மூன்றிலும் ஒவ்வொரு தடவை கூவி, ஒவ்வொன்றிலும் பதிலுக்குக் கொஞ்சம் காத்திருக்கும். அமைதியாக இணைந்திருக்கும் கருவி ஒரே அலைவரிசையில் ஒரு தடவை தலையைக் காட்டிவிட்டுப் படுத்துவிடும். ஒப்பிட்டால் தேடுவதுதான் செலவு, இணைந்திருப்பது சிக்கனம். ராத்திரி மறுபடி போட்டதும், இருவரும் ஒருவரையொருவர் கண்டுபிடித்து, மறையாக்கத்தைச் சரிபார்த்து, ஒரு நாள் முழுக்கச் சேர்ந்த தகவலை வேகமான இடைவெளியில் மொத்தமாக ஏற்ற வேண்டும். கைப்பேசிக்கும் பெரிய மிச்சமில்லை. அதன் பேட்டரி 4,000, 5,000 மில்லிஆம்பியர்-மணி. சும்மா இருக்கும் ஓர் இணைப்பை அதற்குள் இருக்கும் தனிச் சில்லே பார்த்துக்கொள்ளும், கைப்பேசியின் முக்கிய பிராசசர் எழுந்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் அப்பாவின் சந்தேகம் அடியோடு தப்பு என்று சொல்ல மாட்டேன். அதற்குக் காரணம் ஒரு பழைய அனுபவம்.

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு சின்ன நிறுவனம் முதியவர்களுக்கான கைப்பட்டை ஒன்றைச் செய்தது. உள்ளே 100 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி. 10 நாள் நிற்கும் என்று சோதித்துத்தான் கொடுத்தோம். மென்பொருளைப் புதுப்பித்த அடுத்த வாரமே, 5 நாள்கூட சரியாக வரவில்லை என்று ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். எங்கள் மேசையில் இருந்த பட்டைகள் எல்லாம் 10 நாள் நின்றன. வாடிக்கையாளர்களிலும் ஐந்தாறு பேருக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. அவர்களுக்குப் பொதுவாக என்ன இருக்கிறது என்று ஒவ்வொருவராக அழைத்துப் பேசினேன். கடைசியில் ஈசூனில் இருந்த ஒரு பாட்டி சொன்னார்: "தூங்கப் போகும்போது போனை முழுசா ஆஃப் பண்ணிடுவேன் தம்பி, கதிர்வீச்சு வருமாமே." மற்றவர்களுக்கும் அதே பழக்கம்.

உடனே ஒரு பட்டையைத் திறந்து, மின்னோட்டத்தை அளக்கும் கருவியில் கம்பியைப் பற்றவைத்துத் திரையைப் பார்த்தேன். புதுப்பிக்காத பட்டையில் கோடு தரையோடு தரையாக ஓடி, ஒரு வினாடிக்கு ஒரு தடவை ஊசி மாதிரி மேலே எழுந்து இறங்கியது. கைப்பேசி வழியாகப் புதுப்பித்த பட்டையில் ஊசிகள் சீப்புப் பல் மாதிரி நெருக்கி நின்றன. எண்ணிப் பார்த்தால் ஒரு வினாடிக்கு 66. விஷயம் இதுதான். ஆண்ட்ராய்டில் ஒரு செயலி "இந்த இணைப்புக்கு முன்னுரிமை கொடு" என்று கேட்டால் இடைவெளி 11.25 முதல் 15 மில்லிவினாடிக்கு இறங்கும். சாதாரண நிலையில் 30 முதல் 50. சிக்கன நிலையில் 100 முதல் 125. புதுப்பிப்பு சீக்கிரம் முடியட்டும் என்று எங்கள் செயலி முன்னுரிமை கேட்டிருந்தது. முடிந்ததும் பழைய நிலைக்குத் திருப்பச் சொல்ல விட்டுப்போயிருந்தது. அந்த இணைப்பு அறும் வரை வேகம் அப்படியே நின்றுவிட்டது. போனை அணைத்தவர்களுக்கு இணைப்பு அறுந்து, மறுநாள் காலை புதிய இணைப்பு நிதானமான வேகத்தில் கிடைத்தது. எங்கள் மேசையில் இருந்தவற்றைக் கம்பி வழியாகப் புதுப்பித்திருந்தோம், அதனால் எங்களுக்குத் தெரியவே இல்லை. திருத்தம் ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிக்காக எத்தனை முதியவர்கள் "நான்தான் எதையோ கெடுத்துவிட்டேன்" என்று நினைத்துக்கொண்டு இருந்தார்கள் என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

ஆகவே கடிகாரத்தின் மென்பொருள் புதுப்பிக்கப்பட்ட ஒவ்வொரு தடவையும் கைப்பேசியை ஒரு முறை அணைத்துப் போடச் சொல்லுங்கள். தினமும் வேண்டாம்.

அனுப்ப வேண்டிய தகவலையும் பார்க்கலாம். இதயத்துடிப்பு வினாடிக்கு ஓர் எண். அதை அளந்தவுடனே ஒவ்வொன்றாக அனுப்புவது, ஒரு வெங்காயத்துக்காக ஒரு தடவை கடைக்குப் போவது போல. பொட்டலத்தில் தகவலைவிட முகவரியும் சரிபார்ப்பும் அதிக இடம் பிடிக்கும். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் பதிலுக்கும் நடுவே 150 மைக்ரோவினாடி காத்திருப்பு வேறு. ஒரு நிமிடத்துக்கு உள்ளதைச் சேர்த்து வைத்து ஒரே தடவையில் அனுப்பினால் 60 பயணம் ஒன்றாகிவிடும். 2014இல் வந்த புளூடூத் 4.2 பொட்டலத்தின் கொள்ளளவை 27 பைட்டிலிருந்து 251ஆக உயர்த்தியது. 2016இல் வந்த 5.0 பேசும் வேகத்தை வினாடிக்கு 2 மெகாபிட்டாக இரட்டிப்பாக்கியது. பாதி நேரத்தில் சொல்லிவிட்டுச் சீக்கிரம் தூங்கலாம் என்பதுதான் இரண்டிலும் ஆதாயம். வாங்கும்போது பெட்டியில் 5.0 அல்லது அதற்கு மேல் என்று இருக்கிறதா என்று பாருங்கள். கைப்பேசியும் அதற்கு ஈடாக இருந்தால்தான் பலன்.

அப்புறம், நம் உடம்பு. புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. அந்த அலையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும். நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். கடிகாரம் இடது கையில், கைப்பேசி கால்சட்டையின் வலது பின்பையில் என்றால் இடையில் நிற்பது ஒரு தண்ணீர்ச் சுவர். வீவக அடுக்குமாடி வீட்டுக்குள் இது அவ்வளவாகத் தெரியாது, சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் அலை எப்படியோ சுற்றி வந்து சேர்ந்துவிடும். ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா மாதிரித் திறந்தவெளியில் திரும்பி வர எதுவும் இல்லை. பொட்டலம் தொலையும், மறுபடி அனுப்ப வேண்டும், வலுவைக் கூட்ட வேண்டும். மேலே சொன்ன சில்லு வலுவைக் கொஞ்சம் கூட்டினாலே 5.3 மில்லிஆம்பியர் 7.5 ஆகிவிடும். காலை நேர எம்ஆர்டி நெரிசலிலும் இதே கதைதான், ஒரே பெட்டிக்குள் எத்தனை காதொலிக் கருவிகள்! அதற்கு புளூடூத் 37 அலைவரிசைகளுக்கிடையே தாவித் தாவிப் பேசி, கெட்டவற்றைத் தவிர்த்துச் சமாளிக்கிறது. உடம்பைத் தவிர்க்க அதற்கு வழியில்லை, அதை நாம்தான் செய்ய வேண்டும்.

இந்த உடம்புப் பிரச்சினைக்கு இங்கேயே ஓர் அழகான ஆராய்ச்சி நடந்தது. 2019இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹோவின் குழு, மின்கடத்தும் துணியைச் சீப்பு வடிவத்தில் வெட்டிச் சட்டையின் மேல் பொருத்தியது. கருவி அனுப்பும் அலை நாலாபக்கமும் சிதறாமல் சட்டையை ஒட்டியே உடம்பைச் சுற்றி ஓடுகிறது. எதிர்முனையில் சிக்னல் 1,000 மடங்கு வலுவாகக் கிடைத்ததாக அறிவித்தார்கள். சிக்னல் வலுவாக வந்தால் அனுப்பும் வலுவைக் குறைக்கலாம், பேட்டரி கூடுதலாக நிற்கும். துவைக்கலாம், இஸ்திரி போடலாம். முதியவர்களின் சட்டையில் இப்படி ஒரு பட்டை வரும் நாளை நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

கைப்பேசியின் பக்கத்தைப் பற்றிச் சொல்ல, சிங்கப்பூரில் எல்லாருக்கும் தெரிந்த ஓர் உதாரணம் இருக்கிறது: டிரேஸ்டுகெதர். கோவிட் தொற்றாளரோடு நெருக்கத்தில் இருந்தவர்களைக் கண்டறிய 2020 மார்ச் 20 அன்று செயலியாக வந்தது. அக்கம்பக்கத்துக் கைப்பேசிகளை புளூடூத்தில் கண்டு குறித்துக்கொள்வதுதான் அதன் வேலை. ஐபோனில் அது திரையில் திறந்தே இருந்தால்தான் சரியாக வேலை செய்தது, பின்னணியில் ஓடும் செயலிகளை ஐபோன் கட்டிப்போட்டுவிடும். பேட்டரி தீர்கிறது என்று மக்கள் குறைப்பட்டார்கள். அதே ஆண்டு கையடக்க டோக்கன் வந்தது. திரை கிடையாது, இணையம் கிடையாது, இருப்பிடம் காட்டும் ஜிபிஎஸ் கிடையாது, சார்ஜ் போடவே வேண்டாம், மாதக்கணக்கில் ஓடியது. இரண்டும் பயன்படுத்தியது புளூடூத்தைத்தான். கைப்பேசியில் பேட்டரியைத் தின்பது ரேடியோ மட்டுமல்ல, அதைச் சுற்றி எழுப்பிவிடப்படும் மற்றவை எல்லாம்தான் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இதே காரணத்தால்தான் அடுத்துச் சொல்வது தலைகீழாகத் தோன்றினாலும் செய்யுங்கள். அப்பாவின் கைப்பேசியில் பேட்டரி அமைப்புக்குப் போய், கடிகாரத்துக்கான செயலியை 'சிக்கனத்துக்கு உட்படுத்தாதே' என்ற பட்டியலில் சேருங்கள். கைப்பேசி அந்தச் செயலியை அடிக்கடி கொன்றால் இணைப்பு அறும், மறுபடி தேடும், மறுபடி ஏற்றும். நாள் முழுக்க இதே ஓட்டம். செயலியைத் திரையிலிருந்து விரலால் தள்ளி மூடும் பழக்கம் இருந்தால் அதையும் விடச் சொல்லுங்கள். கடிகாரத்தோடு இரண்டு செயலிகள் பேசிக்கொண்டிருந்தால், ஒன்றை எடுத்துவிடுங்கள்.

பிறகு வாட்ஸ்அப். குடும்பக் குழு, கோயில் குழு, புளோக் குழு என்று காலை வணக்கப் படங்கள் ஒவ்வொன்றும் கடிகாரத்தை எழுப்புகின்றன. செய்தி வந்து சேர ஆகும் செலவு சொற்பம். அதற்காகத் திரை எரிவதும் மோட்டார் அதிர்வதும் பல மடங்கு. அழைப்புகளையும் பிள்ளைகளின் செய்திகளையும் மட்டும் விட்டுவைத்து, மற்ற அறிவிப்புகள் கடிகாரத்துக்குப் போகாமல் நிறுத்துங்கள். இந்த ஒன்றிலேயே வித்தியாசம் தெரியும் என்பது என் அனுபவம். கையை உயர்த்தினால் திரை எரியும் வசதியை ராத்திரிக்கு அணைத்து வையுங்கள். ரத்த ஆக்ஸிஜனை இரவு முழுக்க அளக்கும் வசதி இருந்தால், மருத்துவர் கேட்டிருந்தாலொழிய, அதுவும் வேண்டாம். ஒளி பாய்ச்சி அளக்கும் வேலை அது, ரேடியோவோடு அதற்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் பேட்டரியைக் குடிக்கும். விழுந்தால் கண்டறியும் வசதியை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள்.

இதையெல்லாம் செய்துவிட்டு, முழு சார்ஜ் போட்டு, புளூடூத் போட்டபடியே இரண்டு நாள் விடுங்கள். தினமும் காலை எட்டு மணிக்குக் கடிகாரத்தில் எத்தனை சதவீதம் என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நாளுக்கு 10, 12 சதவீதம் இறங்கினால் எட்டு முதல் பத்து நாள் வரும், கவலையில்லை. அப்போதும் 25 இறங்கினால் எனக்கு எழுதுங்கள், கடிகாரத்தின் பெயரையும் கைப்பேசியின் பெயரையும் சேர்த்து. நடக்கப் போகும்போது கைப்பேசி எந்தப் பையில் இருக்கிறது என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள். கடிகாரம் இடது கையில் என்றால் இடது பக்கச் சட்டைப் பைதான் நல்ல இடம். அப்பாவுக்கு பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தால் மட்டும் அங்கே வேண்டாம், இடுப்பில் கட்டும் சின்னப் பை வாங்கிக் கொடுத்து, இடது பக்கமாகத் திருப்பிக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.